சிங்கம் யாரு... புலி யாரு?

கண்ணை மூடிக்கங்க. அப்புறம் எப்படிப் படிக்கிறதுன்னு கேட்காதீங்க பாஸ், சும்மா மனசுக்குள்ள மூடிக்கங்க! ஒரு படம் சொல்றேன். நீங்களே வரைஞ்சு பாருங்க.

தரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் விழுந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு குழந்தை. அவங்களை அமுக்கிக்கிட்டு ஒரு புலி. அந்தப் புலி மேல, பிடரியைச் சிலிர்த்துக்கிட்டு பாயுது ஒரு சிங்கம். அவ்வளவுதான் படம்.

இப்போ ஒரே ஒரு கேள்வி. இதுல ஹீரோ யாரு, வில்லன் யாரு?

ஒரு வரிகூடப் படிக்காம பதில் சொல்லிட்டீங்க, இல்லையா? 'சிங்கம்தான் ஹீரோ, இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு தோணுதா? அங்கேதான் மாட்டிக்கிட்டீங்க. அந்தச் சிங்கம் பிரிட்டன். அந்தப் புலி... நாம!

1857 ஆகஸ்ட் 22-ம் தேதி, லண்டனில் இருந்து வந்த 'பஞ்ச்' வார இதழில் வெளியான கார்ட்டூன் இது. வரைந்தவர் ஜான் டென்னியல். எங்கேயோ கேட்ட பேரா இருக்கா? சின்ன வயசுல நாம பார்த்த 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதைக்கு முதன்முதலா படம் போட்ட அதே ஆசாமிதான். முயலுக்குக் கோட்டு மாட்டிவிட்ட கை, நம்மளைப் புலியாக்கின கதை இது.

அந்தப் படத்தை பிரின்ட் அவுட் எடுத்துக்கிட்டு நான் போய் இறங்கின இடம், பாலவனத்தம். விருதுநகர்ல இருந்து அருப்புக்கோட்டை பஸ்ல ஏறினா நடுவுல வர்ற ஊர். ரெண்டு பக்கமும் கரிசல் மண்ணு, சீமைக் கருவேலம், வெயில். 'லண்டன் கார்ட்டூனுக்கும் இந்த ஊருக்கும் என்னப்பா சம்பந்தம்?'னு நீங்க கேக்குறது காதுல விழுது. ரெண்டு சம்பந்தம் இருக்கு. ஒண்ணு சரித்திரம். இன்னொண்ணு என் சொந்தக் கதை. அது கொஞ்சம் அசிங்கமான கதைங்கிறதால, முதல்ல சரித்திரத்தை முடிச்சுடுவோம்.

டீக்கடையில ஒரு டெஸ்ட்!

என்கூட வந்தது என் கிளாஸ்மேட் ஒருத்தன். இந்தப் பக்கத்து ஆளு. பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில உட்கார்ந்து, பிரின்ட் அவுட்டைப் பெஞ்சுல விரிச்சோம். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். எஞ்சினியரிங் டிராயிங்ல ரெண்டு தடவை அரியர் வச்ச பெருமை உண்டு. ஆனா, படம்னா உயிர்.

பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

''என்னங்கய்யா தெரியுது இதுல?''

''புலி ஆளை அடிச்சுப் போட்டிருக்கு. சிங்கம் காப்பாத்த வருது. நல்லாத்தான வரைஞ்சிருக்கான்!''

''ஐயா, அந்தச் சிங்கம் வெள்ளைக்காரன். புலி நம்ம ஆளுங்க.''

டம்ளரைக் கீழ வச்சுட்டு, படத்தை வாங்கித் திரும்ப ஒருக்கா பார்த்தார். ''அப்ப நான் இவ்வளவு நேரம் அவன் பக்கமா நின்னேன் தம்பி?''

இதுக்கு மேல கார்ட்டூனோட பவரை எந்த புரொஃபஸராலும் விளக்க முடியாதுன்னு நினைக்கிறேன். கட்டுரைன்னா வாதாடலாம். 'நீ சொல்றது தப்பு'ன்னு எதிர்ப் பேச்சு பேசலாம். படம் அந்த சான்ஸே குடுக்காது. நீங்க யோசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்களை ஒரு பக்கத்துல நிக்க வச்சிடும்.

டின்னர்ல முடிவாகும் நம்ம தலையெழுத்து

'பஞ்ச்' ஆரம்பிச்சது 1841-ல். காமெடிப் பத்திரிகை. கார்ட்டூன்னு நாம இன்னிக்குச் சொல்ற அர்த்தத்துல அந்தச் சொல்லை ஓடவிட்டதே அவங்கதான். அதுவரைக்கும் கார்ட்டூன்னா, பெரிய சுவர் ஓவியத்துக்கு முன்னாடி காகிதத்துல போட்டுப் பார்க்குற மாதிரிப் படம். 1843-ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் கட்டடத்துக்குச் சித்திரம் வரைய அந்த மாதிரிப் படங்களைப் போட்டியா வச்சாங்க. ஊர்ல ஏழைங்க பட்டினி கிடக்கிறப்ப சுவருக்கு அலங்காரமான்னு கடுப்பான 'பஞ்ச்', 'இந்தா எங்க கார்ட்டூன்'னு ஜான் லீச் வரைஞ்ச கிண்டல் படத்தைப் போட்டது. கிழிசல் போட்ட ஏழைங்க, பளபளப்பான ஓவியக் கண்காட்சியை வேடிக்கை பார்க்கிற படம். அன்னிக்கு ஒட்டிக்கிட்ட பேர்தான், இன்னிக்கு வரைக்கும்.

பார்த்தீங்களா? கார்ட்டூன் பிறந்ததே ஏழைங்க பக்கம் நின்னுதான். ஆனா, விஷயம் கடல் தாண்டினதும் பேனாவோட பக்கம் மாறிடுச்சு.

வாரா வாரம் 'பஞ்ச்' ஆசிரியர் குழு ஒரு டின்னர் மேஜையில கூடும். சாப்பாடு முடிஞ்சதும், இந்த வாரம் முழுப் பக்கக் கார்ட்டூன் என்னன்னு பேசி முடிவு பண்ணுவாங்க. டென்னியல் அதை மரக்கட்டை மேல வரைஞ்சு குடுப்பார். செதுக்குறதுக்குத் தனி ஆள். அப்படியே அச்சுக்குப் போகும். ஐம்பது வருஷத்துல ரெண்டாயிரத்துக்கு மேல வரைஞ்சார் மனுஷன். 1893-ல சர் பட்டமும் குடுத்துட்டாங்க.

சரி, நம்மளை ஏன் புலியா வரையணும்? அதுக்கு ஃபிளாஷ்பேக், திப்பு சுல்தான். புலிதான் அவரோட சின்னம். 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அந்த வெற்றிக்காக கம்பெனி ஒரு மெடல் அடிச்சது. அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? புலியைக் கீழ தள்ளி மேல நிக்கிற சிங்கம்! அம்பத்தெட்டு வருஷம் கழிச்சு டென்னியல் அந்த மெடலைத்தான் தூசி தட்டி எடுத்தார். இன்னிக்கு நாம பழைய வடிவேலு டெம்ப்ளேட்டை எடுத்து புது டயலாக் போடுறோமே, அதே டெக்னிக்.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். 1857-ல கான்பூர்ல வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. அது கொடூரம்தான். ஆனா, அதுக்குப் பழிவாங்குறேன்னு கம்பெனிப் படை ஊர் ஊரா எரிச்சது, ஆளுங்களை மரத்துல தொங்கவிட்டது, பீரங்கி வாயில கட்டிச் சுட்டது, இதெல்லாமும் உண்மை. படத்துல முதல் பாதி மட்டும்தான் இருக்கு. அடுத்த மாசமே 'நீதி'ங்கிற தலைப்புல இன்னொரு படம். வாளோட ஒரு தேவதை சிப்பாய்களை வெட்டிச் சாய்க்கிறாள். பின்னாடி நம்ம ஊர்ப் பெண்கள் குழந்தையைக் கட்டிப்பிடிச்சு நிக்கிறாங்க. 'கொஞ்சம் நிதானமா தண்டிங்கப்பா'ன்னு சொன்ன கவர்னர் ஜெனரல் கானிங்கையும் விடலை. சிப்பாயோட தலையைத் தடவிக் குடுக்கிற ஆளா வரைஞ்சு, அக்டோபர்ல கலாய்ச்சுத் தள்ளிட்டாங்க. இரக்கமே ஜோக் ஆயிடுச்சு!

படத்துல இல்லாத ஆளு

அடுத்த பிரின்ட் அவுட். 1876 ஏப்ரல் 15. அதுவும் டென்னியல்தான். அலாவுதீன் கதையில, 'பழைய விளக்குக்குப் புது விளக்கு'ன்னு கூவி ஏமாத்துவானே மந்திரவாதி, ஞாபகம் இருக்கா? அந்த வேஷத்துல பிரதமர் டிஸ்ரேலி. விக்டோரியா ராணிகிட்ட, 'பழைய கிரீடத்தைக் குடுங்க, புதுசு தர்றேன்'னு இந்திய மகாராணி கிரீடத்தை நீட்டுறார். சொந்த நாட்டுப் பிரதமரையே நக்கல் அடிக்கிறாங்க. அந்த விஷயத்துல 'பஞ்ச்' ஜால்ரா கிடையாது.

இதை, டீக்கடையில வடை போட்டுக்கிட்டு இருந்த அக்காகிட்ட காட்டினேன். கதையெல்லாம் சொன்னேன். கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே கேட்டாங்க...

''இதுல நம்ம ஆளு யாரு?''

''யாருமே இல்லக்கா.''

''நம்ம ஊரை விக்கிறான், வாங்குறான். நம்மள காணோமாக்கும்!''

அந்த 1876 சும்மா வருஷம் கிடையாது மக்கா. தமிழ்க் கணக்குல தாது வருஷம். 'தாது வருஷப் பஞ்சம்'னு உங்க தாத்தா பாட்டி யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. மழை பொய்ச்சு சென்னை மாகாணமே காய்ஞ்சது. தென்னிந்தியாவுல ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல இந்தியா முழுக்க அம்பது லட்சம் பேருக்கு மேல செத்துப் போனாங்க. இந்த மானாவாரிச் சீமைக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

அந்தப் பஞ்சத்துக்கு நடுவுல, 1877 ஜனவரி 1-ம் தேதி, டெல்லியில பிரமாண்ட தர்பார். விக்டோரியா இந்தியாவுக்கு மகாராணின்னு அறிவிப்பு. யானை, பேண்டு வாத்தியம், ராஜாக்கள், விருந்து. கார்ட்டூன்ல டிஸ்ரேலி நீட்டின கிரீடம் நிஜமாவே வந்துடுச்சு. அதே வருஷம், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயிச்ச கூலி என்ன தெரியுமா? நாளெல்லாம் மண்ணு சுமந்தா ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டுங்கிறது சுமார் 450 கிராம். இன்னொரு பக்கம், துறைமுகத்துல இருந்து கோதுமை கப்பல் கப்பலா இங்கிலாந்துக்குப் போய்க்கிட்டுதான் இருந்தது.

புலியா வரைஞ்சது ஒரு வகை. வரையாமலே விட்டது இன்னொரு வகை. ரெண்டாவதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். நான் அந்தப் படத்தைப் பத்து தடவை பார்த்திருப்பேன், எனக்குத் தோணலை. வடை சுடுற அக்காவுக்கு ஒரே பார்வையில தோணிச்சு.

பேனா கை மாறுது!

'சரி, நம்ம ஆளுங்க சும்மாவா இருந்தாங்க?' அதுதானே? இல்லையே!

பம்பாய்ல 1854-லேயே 'பார்சி பஞ்ச்' வந்தாச்சு. அப்புறம் 'ஹிந்தி பஞ்ச்'. லக்னோவுல 1877-ல உருதுவுல 'அவத் பஞ்ச்'. பேரைப் பார்த்தாலே புரியுமே, லண்டன்காரன் ஆயுதத்தை அப்படியே பிடுங்கி, பேரைக்கூட மாத்தாம திருப்பிட்டாங்க.

தமிழ்ல அந்த வேலையைச் செஞ்சவர் யார்னு சொன்னா கொஞ்சம் ஆச்சரியப்படுவீங்க. முண்டாசு, மீசை, கூர்மையான கண்ணு... நம்ம பாரதியார்!

1906-ல சென்னையில இருந்து 'இந்தியா' வார இதழ் வர ஆரம்பிச்சது. தமிழ்ப் பத்திரிகையில அரசியல் கார்ட்டூனை வாரா வாரம் முதல் பக்கத்துல போட்டு நிலைக்க வச்சது அந்தப் பத்திரிகைதான். வங்காளப் பிரிவினை, சுதேசி இயக்கம், சூரத் காங்கிரஸ்ல நடந்த ரகளை, பஞ்சம், வரின்னு எல்லாத்துக்கும் படம். படத்துக்குக் கீழ விளக்கமும் உண்டு. இன்னார் இன்ன மிருகம், இன்ன பொருள் இன்ன அர்த்தம்னு. 'ஜோக்கை விளக்கினா சப்புன்னு போயிடுமே'ன்னு நீங்க நினைக்கலாம். ஆனா, அன்னிக்கு இந்த மாகாணத்துல படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்குப் பத்து பேர்கூடக் கிடையாது. தெரிஞ்ச ஒருத்தர் படிச்சுச் சொல்ல, சுத்தி நிக்கிறவங்க படத்தைப் பார்த்துக் கேட்கணும். அந்த விளக்கம், படத்தைப் படிக்கச் சொல்லிக் குடுத்த பாடம்.

அதோட, வெள்ளைக்காரனை மட்டும் கலாய்க்கலை. 'மனு போட்டுக் கெஞ்சினா சுதந்திரம் வந்துடும்'னு நம்பின நம்ம ஊர் மிதவாதத் தலைவர்களையும் விட்டு வைக்கலை. பாரதியோட கவிதைப் புத்தகம் வீட்டுக்கு வீடு இருக்கு. இந்தக் கார்ட்டூன்களைப் பார்த்தவங்க எத்தனை பேர்? வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அதையெல்லாம் தேடிப் பிடிச்சு, 'பாரதியின் கருத்துப்படங்கள்'னு 1994-ல புத்தகமாவே போட்டார். லைப்ரரியில கண்ணுல பட்டா விட்டுடாதீங்க.

இப்ப வருது பாலவனத்தம்!

'இந்தியா' பத்திரிகை தொண்டை கிழியக் கத்தின விஷயங்கள்ல ஒண்ணு, சுதேசிக் கப்பல். 1906 அக்டோபர் 16-ம் தேதி தூத்துக்குடியில பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. வ.உ.சி. கப்பல் விட்டார்னு அஞ்சாம் கிளாஸ்லேயே படிச்சோம். ஆனா, அந்தக் கம்பெனியோட தலைவர் யாருன்னு கேட்டா? நானும் முழிச்சேன்.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்!

1867-ல பிறந்தவர். தாது வருஷப் பஞ்சத்தப்ப ஒன்பது, பத்து வயசுப் பையன். 1901-ல மதுரையில தமிழ்ச் சங்கத்தை உண்டாக்கினவர். அடுத்த வருஷமே 'செந்தமிழ்'னு பத்திரிகையும் கொண்டுவந்தவர். ஏட்டுச்சுவடி, இலக்கணம், புலவர்கள்னு வாழ்ந்த மனுஷன். அவர் எதுக்குக் கப்பல் கம்பெனிக்குத் தலைவர் ஆகணும்? பத்து லட்ச ரூபா மூலதனம். 25 ரூபா பங்கு, மொத்தம் 40,000. அன்னிக்கு அந்தப் பணத்தை ஊர்ல திரட்டணும்னா, முன்னாடி நிக்கிறவர் மேல ஜனங்களுக்கு நம்பிக்கை வேணும். 1907-ல 'காலியா', 'லாவோ'ன்னு ரெண்டு கப்பல் வந்துச்சு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல ஓடுச்சு. போட்டிக்கு இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையை அடிமாட்டு ரேட்டுக்கு இறக்குச்சு. ஓசியில ஏத்திக்கிட்டு, கூட ஒரு குடையும் குடுத்தாங்கன்னு சொல்றாங்க. இன்னிக்கு நாம பார்க்கிற ஃப்ரீ டேட்டா ஆஃபருக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா!

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. 'பஞ்ச்'ல 1892-ல ஒரு புகழ்பெற்ற படம் வந்தது. செசில் ரோட்ஸ் ஒரு காலைக் கெய்ரோவுலயும் இன்னொரு காலைக் கேப் டவுன்லயும் ஊன்றி, ஆப்பிரிக்கா கண்டத்து மேல நிப்பார். கையில தந்திக் கம்பி. கப்பல், ரயில், தந்தி இதெல்லாம் யார் கையில இருக்கோ, அவன்தான் படத்துல பெருசா நிப்பான். கரிசக்காட்டு ஜமீன்தார் ஒருத்தர் கப்பலுக்குத் தலைவர் ஆனா, அந்தப் படமே தப்பாயிடுதே! அதைத்தான் அவங்களால தாங்க முடியலை.

அடுத்தடுத்து விழுந்துச்சு அடி. 1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி. கைது. ஜூலையில ரெண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். அப்பீல்லதான் குறைஞ்சது. அதே வருஷம் 'இந்தியா' பத்திரிகையோட சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் கைது, அஞ்சு வருஷத் தண்டனை. பாரதி புதுச்சேரிக்குப் போனார். அங்கே இருந்தும் 'இந்தியா' வந்தது, கார்ட்டூனும் வந்தது. முழுக்க முழுக்க கார்ட்டூனுக்குன்னே 'சித்திராவளி'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிக்கவும் அவருக்குத் திட்டம் இருந்தது. அது வெளிவரவே இல்லை. 1910 மார்ச்சோட 'இந்தியா'வும் நின்னு போச்சு. 1911-ல கப்பல் கம்பெனியை இழுத்து மூடினாங்க. அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி பாண்டித்துரைத் தேவர் காலமானார், 44 வயசுல. சரியா பத்தே நாள். டிசம்பர் 12-ம் தேதி டெல்லியில இன்னொரு தர்பார், இன்னொரு கிரீடம். இந்தத் தடவை ஐந்தாம் ஜார்ஜுக்கு.

படத்தைப் பார்த்தா ஏன் பயம்?

வ.உ.சி., சீனிவாசன் ரெண்டு பேர் மேலயும் பாய்ஞ்சது, ராஜதுரோகச் சட்டம். 1870-ல சேர்த்த 124-ஏ பிரிவு. வெள்ளைக்காரன் போனப்புறமும் அது போகலை. 2012-ல கார்ட்டூனிஸ்ட் அசீம் திரிவேதியைக் கைது பண்ணினப்பவும் இதே பிரிவுதான் போட்டாங்க. எதிர்ப்புக் கிளம்பினதும் அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டாங்க. 2022-ல உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தி வச்சது. 2024 ஜூலையில இருந்து பழைய தண்டனைச் சட்டமே போய், புதுச் சட்டம் வந்தாச்சு. ராஜதுரோகம்ங்கிற சொல் இப்ப இல்லை. புதுச் சட்டத்தோட 152-வது பிரிவு அதே வேலையைச் செய்யுமா, செய்யாதாங்கிற வாதம் ஓடிக்கிட்டு இருக்கு.

நம்ம தமிழ்நாடும் சளைச்சது இல்லை. 1987-ல அட்டைப்பட ஜோக் ஒண்ணுக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் கடுங்காவல்னு சட்டசபை தண்டனை குடுத்தது. எதிர்ப்பு பலமா இருந்ததால சில நாள்ல விட்டுட்டாங்க. அப்புறம் ஹைகோர்ட் அவருக்கு ஆயிரம் ரூபா நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. மனுஷன் அதைச் செலவு பண்ணலை, ஃப்ரேம் போட்டு மாட்டிட்டார்!

ஆளுறவங்களுக்குக் கார்ட்டூன்னா ஏன் அவ்வளவு கடுப்பு? டீக்கடைப் பெரியவர் சொன்னதுதான் பதில். 'இவ்வளவு நேரம் அவன் பக்கமா நின்னேன்'. ஒரு படம் ஜனங்களை இடம் மாத்தி நிக்க வச்சிடும்.

இப்ப என் கதை

சொல்றேன்னு சொன்னேனே, அந்த அசிங்கமான கதை.

ஃபர்ஸ்ட் இயர் செமினார். கூடப் படிக்கிற ஒருத்தன் மேடை ஏறினான். வானம் பார்த்த பூமியில இருந்து வந்தவன். வீட்டுல ஆடு வளர்க்கிறாங்க. தமிழ் மீடியம். இங்கிலீஷ் வாயில சிக்கி, ஒரே வரியை நாலு தடவை சொன்னான். நான் கடைசி பெஞ்சுல இருந்து செல்போன்ல ஒரு போட்டோ எடுத்தேன். அன்னிக்கு ராத்திரியே ஆட்டு உடம்புல அவன் முகத்தை ஒட்டி, மைக் முன்னாடி நிறுத்தி, ஒரு டயலாக் போட்டு கிளாஸ் குரூப்புல விட்டேன். நம்ம திறமைதான் தெரியுமே, செம ஹிட்டு! பக்கத்து டிபார்ட்மென்ட் வரைக்கும் போச்சு. மெஸ்ல அவனைப் பார்த்து 'மே...'ன்னு கத்தினாங்க.

அவன் சண்டைக்கு வரலை. சிரிச்சான். அப்புறம் மூணு நாள் மெஸ்ஸுக்கே வரலை. மறுபடி வந்தப்பவும் சிரிச்சான். அந்த வருஷம் முழுக்க மேடை ஏறவே இல்லை.

போன வருஷம் ஒரு புத்தகத்துல அந்தச் சிங்கம்-புலி படத்தைப் பார்த்ததும் எனக்குப் பயங்கர கோபம். 'எங்களைப் போய் மிருகமா வரைவியா?'ன்னு. கோபம் ஒரு நிமிஷம்கூட நிக்கலை. ஆட்டு உடம்பு ஞாபகம் வந்துடுச்சு. டென்னியலுக்காவது டின்னர் மேஜையில பத்து பேர் சேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு யாரும் சொல்லித் தரலை.

மறுநாள் அவன் ரூமுக்குப் போய் சாரி சொன்னேன். ''விடு மாப்ள, பழசு''ன்னான். அந்த 'விடு'வுல எவ்வளவு விட்டிருக்கான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பாலவனத்துக்காரர் ஒருத்தர் கப்பல் கம்பெனிக்குத் தலைவரா இருந்தார்னு படிச்சப்ப, முதல்ல அவன்கிட்டதான் போய்ச் சொன்னேன். ''எங்க ஊருக்குப் பக்கம்தான்டா, வா கூட்டிட்டுப் போறேன்''னான். ஆமா, இந்த டீக்கடையில என் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது அவன்தான். அவனைக் கேட்டுட்டுதான் இதை எழுதுறேன்.

ஷேர் பண்றதுக்கு முன்னாடி...

கலாய்க்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. அப்படிச் சொன்னா பாரதியே அடிக்க வருவார். அடுத்த தடவை ஒரு மீம் பார்த்துச் சிரிப்பு வந்ததும், ஃபார்வர்டு பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி மூணே மூணு விஷயம் பாருங்க.

முதல் விஷயம், யாரை மிருகமாக்கியிருக்காங்க? 'பஞ்ச்'லயும் மிருகம், 'இந்தியா'விலயும் மிருகம். ஆனா, ஒண்ணு ஆளுறவன் அடிபட்டவனை வரைஞ்சது. இன்னொண்ணு அடிபட்டவன் ஆளுறவனை வரைஞ்சது.

ரெண்டாவது, படத்துல யாரைக் காணோம்? வடைக்கடை அக்காவோட கேள்வி. யாரைப் பத்தின விஷயமோ, அவங்களே படத்துல இல்லைன்னா, ஏதோ இடிக்குது.

மூணாவது, அவங்களால திருப்பி வரைய முடியுமா? டிஸ்ரேலிக்குப் பார்லிமென்ட் இருந்தது, பதில் சொல்லிக்குவார். மைக் முன்னாடி நாக்கு ஒட்டிக்கிட்டு நின்ன பையனுக்கு என்ன இருந்தது?

கிளம்புற நேரம். அருப்புக்கோட்டை பஸ் தூரத்துல புழுதியைக் கிளப்பிக்கிட்டு வருது. அவன்கிட்ட பேனாவை நீட்டினேன். பிரின்ட் அவுட்டோட பின்பக்கம் வெள்ளையா இருந்தது.

''உன் டர்ன்டா. என்னை என்ன மிருகமா வேணா வரைஞ்சுக்கோ.''

பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் யோசிச்சான். பெரியவரும் எட்டிப் பார்த்தார். ஒரு பெஞ்சு வரைஞ்சான். அதுல ரெண்டு பேர். ரெண்டு டம்ளர். ரெண்டு பேருக்கும் மூக்கு கோணல். என்னோட டிராயிங்கைவிட மோசம்!

''இதுல நான் யாரு, நீ யாரு?''

''டீக்காசு குடுக்கிறவன்தான் நீ'ன்னு சொல்லிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டான்.

குடுத்தேன். இருபத்தாறு ரூபா. அந்தப் படம் இப்ப என் ஹாஸ்டல் ரூம்ல, சிங்கம்-புலி பிரின்ட் அவுட்டோட பின்பக்கமா, சுவத்துல ஒட்டியிருக்கு. எந்தப் பக்கம் வெளிய தெரியணும்னு கேக்குறீங்களா? அந்த ரெண்டு மூக்கு கோணல் பசங்கதான்!